கடம்பூர் மாளிகையும் உடையார்குடிக் கல்வெட்டும்

புதினம் படிப்போர் முதலில் தேடுவது தலைவனையும் பகைவனையுமே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இத்தேடலுக்கு எளிதில் விடை தருவதில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த இப்புதினத்தின் பெயர் அருள்மொழிவர்மனுக்கு உரியது. கதையைச் சுமந்து நடப்பவனோ வந்தியத்தேவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவனைக் குந்தவையின் கணவன் என்று குறிக்கிறது. அதற்குமேல் அவனைப் பற்றி வரலாறு மிகுதியாகப் பேசவில்லை. அந்த வெற்றிடமே ஆசிரியருக்கு உரிமை தந்தது.

ஆதித்த கரிகாலனை எந்த வரிசையில் வைப்பது? வீரபாண்டியனின் தலைகொண்டவன் என்ற விருதைக் கல்வெட்டுகள் அவனுக்குத் தருகின்றன. அவ்விருதையே அவன் நெஞ்சை அறுக்கும் பழியாக்கினார் கல்கி. வீரமும் வெறியும் கழிவிரக்கமும் ஒருங்கே கொண்ட அவனை எதிர்நாயகன் எனலாம். அவனை அலைக்கழிக்கும் நந்தினியோ முற்றிலும் கற்பனைப் படைப்பு. சதியில் சிக்கும் பெரிய பழுவேட்டரையரும் இறுதியில் பழியைத் தம்மேல் ஏற்று உயிர் துறக்கிறார். இவர்களுள் முழுக் கொடியவர் என எவரைச் சுட்டுவது?

வரலாற்றில் இவ்வினாவுக்குக் கல்லில் பொறித்த சான்று ஒன்று உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தாரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது என்பர். ரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்றும், பரமேசுவரன் ‘இருமுடிச்சோழ பிரமாதிராசன்’ என்றும் பட்டம் பெற்றிருந்தனர். அரசுப் பதவி வகித்தோர் என்பதை இப்பட்டங்கள் உணர்த்துகின்றன. எனினும் இக்கல்வெட்டு துரோகிகளுக்கும் அவர்தம் உறவினருக்கும் உரிய நிலத்தைப் பற்றிய ஆவணமே. கொலை எங்கே நடந்தது, எதற்காக நடந்தது என்பவற்றை அது கூறவில்லை. கடம்பூர் மாளிகை கல்கி அமைத்த களம்.

இந்த மௌனத்தில்தான் ஐயம் பிறந்தது. கரிகாலன் மறைந்தபின் ஆட்சி உத்தம சோழனுக்குச் சென்றது. மக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை அரசு வேண்டா என அருள்மொழி மறுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. துரோகிகளின் நிலம் பற்றிய நடவடிக்கையோ உத்தமன் ஆட்சி முடிந்தபின்னரே கல்லில் ஏறியது. இவற்றை இணைத்து, கொலையில் உத்தமனுக்குப் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தமையும் எண்ணத்தக்கது. தமையனைக் கொல்வித்தவன் மகனிடம் அத்தகைய நம்பிக்கை வைப்பது அரிது.

கல்கி இவ்வழக்கை எவ்வாறு தீர்த்தார்? ஒரே மனிதனை இருவராகப் பிரித்தார். அரியணைக்கு ஏங்கும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் வயிற்றுப் பிள்ளை அல்லன் ஆகிறான். பூத்தொடுத்து இறைபணி செய்யும் சேந்தன் அமுதனே உண்மை மைந்தனாகி முடிசூடுகிறான். ஐயத்துக்கு உள்ளான அரசன் இவ்வாறு பழி நீங்கி நிற்கிறான். இது கதைக்கலையின் தீர்வு, சான்றின் தீர்ப்பன்று.

இவ்வேறுபாட்டை மறந்தால் இழப்பு இறந்தவர்க்கே. சதிகாரர் கூட்டத்தை இன்று பலரும் கதையின் கண்கொண்டே காண்கின்றனர். ரவிதாசனைப் பாண்டியன் பொருட்டுப் பழிவாங்கியவன் என்றே கொள்கின்றனர். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. அவன் தம்பியின் பட்டத்திலோ சோழன் பெயரே நிற்கிறது. மறுமொழி கூற வாயில்லாத உத்தம சோழனையும், ஐயம் ஒன்றையே கொண்டு குற்றவாளியாக்குவது நீதியன்று.

புதினத்தின் கொடியவரைத் தேர்வது வாசகர் உரிமை. வரலாற்றின் கொடியவரைத் தேர்வதற்குச் சான்று வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டு மூன்று பெயர்களைச் சொல்லி நின்றுவிடுகிறது; நாமும் அங்கே நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.