திருவனந்தபுரத்தில் விசிறி வேகக் கட்டுப்பாட்டின் வரலாறு

திருவனந்தபுரத்தில் காற்றோட்டம் முதலில் கட்டடம் கட்டுவோரின் பொறுப்பாக இருந்தது; மின்சாரம் வந்தபின் அது மின்விசிறிக்கும் ரெகுலேட்டருக்கும் கைமாறியது. கடலோர நகரமாதலால் இங்கே வெயிலைவிடக் காற்றின் ஈரப்பதமே புழுக்கத்துக்குப் பெரிய காரணம். வியர்வை உலர வேண்டுமானால் காற்று நகர்ந்தாக வேண்டும். ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்து 1880-இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகம், எந்திரம் எதுவுமின்றிக் காற்று புகுந்து வெளியேறும்படி கட்டப்பட்டது. அந்நாளில் இந்தியாவெங்கும் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் கூரையில் தொங்கிய பங்கா என்ற பெரிய விசிறியைக் கயிறு கட்டி ஆள் இழுத்தார். காற்றின் வேகம் அவர் கையில் இருந்தது.

நகருக்கு 1929-இல் பொது மின்வினியோகம் வந்தது. அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. 1957-இல் கேரள மாநில மின்வாரியம் உருவானது. மின்சாரம் பரவப் பரவ மின்விசிறியும் வீடுகளுக்குள் வந்தது.

முதல் தலைமுறை ரெகுலேட்டர் சுவரில் பொருத்திய கனத்த பெட்டி. உள்ளே பீங்கான்மேல் சுற்றிய மின்தடைக் கம்பி. குமிழைத் திருப்பினால் மின்சாரம் கடக்கும் கம்பியின் நீளம் கூடும், விசிறிக்குச் செல்லும் மின்னழுத்தம் குறையும். விசிறி மெதுவாகச் சுற்றினாலும், மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி கம்பியில் வெப்பமாகப் போனது. பெட்டியைத் தொட்டாலே சூடு தெரியும்.

அடுத்து வந்த மின்னணு ரெகுலேட்டர், டிரையாக் என்ற குறைகடத்தியால் மின்னலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. பெட்டி சிறிதாயிற்று, சூடும் குறைந்தது. ஆனால் வெட்டுப்பட்ட அலையால் குறைந்த வேகத்தில் மோட்டார் ரீங்கரித்தது. மின்தேக்கி ரெகுலேட்டர் இந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. அதில் அலை வெட்டப்படுவதில்லை. விசிறியோடு தொடராக நிற்கும் மின்தேக்கி, மிகக் குறைந்த இழப்போடு மின்னழுத்தத்தை இறக்குகிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1973-இல் தொடங்கிய கெல்ட்ரான் குழுமம், தன் கண்ணூர் ஆலையில் மோட்டார்களுக்கான மின்தேக்கிகளைத் தயாரித்தது.

விசிறியைத் தானாகவோ தொலைவிலிருந்தோ இயக்க உதவும் ஸ்மார்ட் ரிலேக்கள் பலவும் இந்த மின்தேக்கி முறையையே கையாளுகின்றன. ரிலே என்பது ஆன்-ஆஃப் மட்டும் அறிந்த சுவிட்ச். தனித்து வேகத்தை மாற்ற அதனால் முடியாது. மூன்று ரிலேயும் இரண்டு மின்தேக்கிகளும் சேர்ந்தால் நான்கு வேகம் கிடைக்கும். உதாரணமாக 2.2 மைக்ரோஃபாரட் மட்டும் இணைந்தால் முதல் வேகம், 3.3 மட்டும் இணைந்தால் இரண்டாவது. இரண்டும் பக்க இணைப்பில் 5.5 ஆனால் மூன்றாவது. மூன்றாம் ரிலே மின்தேக்கிகளைத் தாண்டி நேராக இணைத்தால் முழு வேகம். மின்னேற்றமுள்ள மின்தேக்கியோடு மற்றொன்றைத் திடீரெனச் சேர்த்தால் தீப்பொறி எழுந்து ரிலேயின் முனை உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றோடும் சிறு மின்தடை சேர்க்கிறார்கள். வேகம் மாற்றும்போது பழைய இணைப்பை முதலில் அறுக்கிறார்கள்.

சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. வேகம் மிகக் குறைந்தால் வெளிப்புறத் தகடுகள் திறக்கமாட்டா. மோட்டார் கிளம்பாமல் சூடேறும். ஈரப்பத உணரியை ரிலேயோடு இணைக்கும்போது இந்நகரின் பருவநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் ஊரில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் நிற்குமாறு அமைத்தால் மழைக்காலத்தில் விசிறி நிற்காமலே ஓடக்கூடும். குளியலறை ஈரத்தையும் கூடத்து ஈரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு குறைந்ததும் நிறுத்துவதே பொருத்தம்.

இப்போது பரவிவரும் பிஎல்டிசி (தூரிகையற்ற நேர்மின்னோட்ட மோட்டார்) விசிறியில் வேகக் கட்டுப்பாடு மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. பழைய கூரை விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்க, இது 30 வாட் அளவில் முடித்துக்கொள்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட அரை யூனிட் மிச்சம். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு இந்தியாவில் கூரை விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. பிஎல்டிசி விசிறிக்கு முழு மின்னழுத்தம் தேவை. எனவே பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். அங்கே ரிலேயின் வேலை மின்சாரத்தைக் கொடுப்பதும் நிறுத்துவதும்தான்.