நீரிழிவை அளந்த வரலாறு

கள்ளக்குறிச்சிச் சீமை கரும்புச் சீமையாகும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்திருப்பதே இதற்குச் சான்று. அம்மண்ணின் விளைபொருளுக்குப் பெயராக அமைந்த 'சர்க்கரை' எனும் சொல்லோ உலகையே வலம் வந்த சொல். வடமொழியில் 'சர்க்கரா' எனப்பட்டது, பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'ஸுக்கர்' ஆகி, ஸ்பெயின் நாட்டில் 'அஸுகார்' ஆயிற்று. கரும்புப் பயிரையும், அதன் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் தொழிலையும் மத்தியதரைக் கடலோர நாடுகளில் பரப்பிய பெருமை அரபு முஸ்லிம்களையே சாரும்.

இன்றோ அதே சொல் நோயொன்றின் பெயராகவும் வழங்குகிறது. அரபு மக்கள் 'தாஉஸ் ஸுக்கரீ' என்கின்றனர். நம் மக்கள் 'சர்க்கரை வியாதி' என்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் இதன் வாசலில் நிற்கின்றனர். இது நகரத்துச் செல்வர் நோய் என்பது பழங்கதை. அவ்வாய்வு, நகரங்களில் நூற்றுக்கு 16.4 பேர் எனின், கிராமங்களிலும் 8.9 பேர் எனக் கணக்கிடுகிறது.

இந்நோயை மனிதன் அறிந்தது மிகப் பழங்காலத்தில். இதனை அளக்கக் கற்றதோ மிக அண்மையில். அறிவதற்கும் அளப்பதற்கும் இடையே கழிந்த நூற்றாண்டுகளில் மாண்டவர் எண்ணற்றோர். ஆகவே, அளவையின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

முன்னோர் கண்டது

சரகர், சுசுருதர் முதலிய இந்திய மருத்துவர்கள் இதனை 'மதுமேகம்' என்றனர். நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதையும் அதனை எறும்பு நாடுவதையும் அவர்கள் கண்டிருந்தனர். தமிழ்ச் சித்த மருத்துவர்கள் 'நீரிழிவு' என்றனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கப்படோசியா நாட்டு அரெட்டியஸ், உடலின் தசையே கரைந்து நீராய் ஒழுகுவது போன்ற நோய் என இதனை வருணித்தார். கிரேக்கரின் 'டயபெட்டிஸ்' எனும் பெயர் அரபி நூல்களில் 'தியாபீதஸ்' எனப் புகுந்தது.

பேரறிஞர் இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' எனும் மருத்துவப் பெருநூலில் இந்நோய்க்குத் தனி இடம் தந்தார். பருகிய நீர் சற்று நேரத்தில் அப்படியே வெளியேறுவதும், தாகம் தணியாமையும் இதன் அடையாளம் என்றார். அரபியில் இதற்கு வழங்கிய பெயர்களையும் தொகுத்துக் கூறினார். அவற்றுள் ஒன்று 'தூலாப்'. அதாவது நீர் இறைக்கும் சக்கரம். கீழே முகந்து மேலே கொட்டி, மீண்டும் வெறுமையாய்க் கீழே இறங்கும் சக்கரம் அது. கவலை ஏற்றத்தை அறிந்த நம் உழவர்க்கு இவ்வுவமையை விளக்கவும் வேண்டுமோ! பக்தாதின் அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162–1231) இந்நோய் ஒன்றைப் பற்றியே தனி நூல் எழுதினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும் அக்கால ஹகீம்களின் கையில் இருந்த கருவி 'காரூரா' எனும் கண்ணாடிக் குப்பி மட்டுமே. அதில் ஏந்திய சிறுநீரின் நிறம், மணம், நுரை, வண்டல் ஆகியவற்றைக் கண்டு நோயை உய்த்துணர்ந்தனர். அவர்தம் கூர்மை வியக்கத்தக்கதே. ஆயினும் நேற்றைக்கும் இன்றைக்கும் நோய் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என உரைக்க அவர்களிடம் எண் இல்லை.

இனிப்பு எண்ணாக மாறியது

1776இல் ஆங்கில மருத்துவர் மேத்தியூ டாப்சன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய வெண்பொருள் சர்க்கரையே என நிலைநாட்டினார். இரத்தத்தின் தெளிநீரும் இனிப்பதைக் கண்டார். சிறுநீரகத்தின் நோய் எனக் கருதப்பட்டது உடல் முழுவதையும் பற்றிய நோய் எனப் புலப்படத் தொடங்கியது அப்போதுதான்.

1848இல் ஜெர்மன் நாட்டு ஃபெலிங் சிறுநீர்ச் சர்க்கரையை அளக்க ஒரு செம்புக் கரைசலை ஆக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் பெனடிக்ட் அதனைத் திருத்தினார். நம் நாட்டு மருத்துவமனைகளில் நெடுங்காலம் கோலோச்சியது இந்தப் பெனடிக்ட் கரைசலே. நீல நிறக் கரைசல் ஐந்து மில்லியை சோதனைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் சேர்த்துக் கொதிக்க வைப்பர். நிறம் மாறாவிடில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் எனப் படிப்படியாக மாறினால் சர்க்கரை மிகுதி என்பது பொருள்.

இச்சோதனையில் இரு பெருங்குறைகள் இருந்தன. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் எனும் அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் அது தென்படும். அதற்குள் நோய் பல ஆண்டுகள் உள்ளிருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் அரித்திருக்கக் கூடும். அன்றியும், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வதை இச்சோதனை காட்டவே காட்டாது.

இரண்டாவது குறை 1922க்குப் பின் உயிர்ப் பிரச்சினையாயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லெனார்டு தாம்சன் எனும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் செலுத்தப்பட்டது. பேண்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப் ஆகியோரின் உழைப்பில் விளைந்த அம்மருந்து, சாவை எதிர்நோக்கிக் கிடந்த குழந்தைகளை எழுப்பி உட்காரச் செய்தது. ஆனால், சற்றே மிகுந்தால் சர்க்கரை அதலபாதாளத்திற்கு இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும். உயிர் காக்கும் மருந்து கைக்கு வந்தபின் அதனை அளந்து கொடுக்கும் கருவி கைக்கு வரவில்லை. அந்த இடைவெளி அரை நூற்றாண்டு நீடித்தது.

குடுவையிலிருந்து உள்ளங்கைக்கு

தமிழகத்தில் இத்துறைக்கு வித்திட்டவர் மருத்துவர் எம். விசுவநாதன் ஆவார். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் ஒரு மருத்துவமனையும் கண்டார். எனினும் அக்காலத்தில் இரத்தச் சர்க்கரை அறிய நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக் கூடத்தில் சோதித்தாக வேண்டும். விடை வரும்போது நோயாளி மறுவேளை உணவையும் உண்டு முடித்திருப்பார்.

விடையை விரைவாக்கியது ஒரு நொதிப்பொருள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் எனும் அது, பல பொருள் கலந்த குருதியில் குளுக்கோஸை மட்டும் தேர்ந்து வினைபுரியும். 1956இல் அதனைக் காகிதப் பட்டையில் ஏற்றிச் சிறுநீர்ச் சோதனைக்குத் தந்தனர். 1960களின் நடுவில் இரத்தத்திற்கான பட்டை வந்தது. துளி இரத்தம் இட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, நீரால் கழுவி, மாறிய நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் கணிப்பு வேறுபட்டது. 1970இல் அந்நிறத்தை ஒளியால் அளந்து முள்ளால் காட்டும் கருவி வெளிவந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, நூற்றுக்கணக்கான டாலர் விலை. அதனையும் மருத்துவர்க்கே விற்றனர்.

அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் இளமை முதல் நீரிழிவால் வருந்தியவர். நோயாளி என்பதால் தமக்கு அக்கருவி கிட்டாதெனக் கண்டு, மருத்துவரான தம் மனைவியின் பெயரால் அதனைப் பெற்றார். நாள்தோறும் பலமுறை தம் இரத்தத்தைத் தாமே அளந்து, உணவையும் மருந்தையும் அதற்கேற்பத் திருத்தி உடல் தேறினார். தம் சொல்லை மருத்துவ உலகம் செவிமடுக்கவில்லை எனக் கண்டு, நடுவயதில் கல்லூரி புகுந்து தாமே மருத்துவரானார். நோயாளி தன் நோயைத் தானே அளக்கலாம் எனும் உரிமை இத்தகையோர் போராடிப் பெற்றதாகும்.

பின்னர் நிறம் போய் மின்சாரம் வந்தது. 1962இல் லீலண்டு கிளார்க் வகுத்த நெறியின் வழியே, நொதியின் வினையில் பிறக்கும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் பேனா வடிவக் கருவி 1987இல் வந்தது. இன்று நாம் காணும் கையடக்கக் குளுக்கோமீட்டர்கள் அதன் வழித்தோன்றல்களே.

இன்னொரு அளவையை உலகுக்கு அளிக்க வழிவகுத்தவர் ஈரான் நாட்டு அறிஞர் சாமுவேல் ரஹ்பர். 1968இல் தெஹ்ரானில், நீரிழிவாளரின் செங்குருதி நிறமியில் ஒரு மாறுபாட்டைக் கண்டார். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அந்நிறமியில் படிந்த சர்க்கரை கடந்த மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லிவிடுகிறது. இதுவே 'எச்பிஏ1சி' சோதனை. மருத்துவரைக் காணும் முந்தைய நாள் மட்டும் பத்தியம் காத்து அவரை ஏமாற்ற இனி இயலாது!

1999இல் தோலுக்கடியில் பதித்துத் தொடர்ந்து அளக்கும் கருவிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2014இல் ஐரோப்பாவில் வந்த வில்லைக் கருவியோ மேற்புயத்தில் ஒட்டிக்கொண்டு இரு வாரம் இரவும் பகலும் கணக்கெழுதுகிறது. அது அளப்பது இரத்தத்தை அன்று. திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. ஆதலின் சர்க்கரை விரைந்து ஏறியிறங்கும் வேளையில் அதன் கணக்கு சில நிமிடம் பின்தங்கும். ஐயம் எழும்போது விரல்நுனி இரத்தத்தாலும் சரிபார்ப்பது அறிவுடைமை.

மலைக்கு ஏறிய கருவி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என விரிந்து கிடக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலை, ஜாகிர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்து, 1976இல்தான் அரசின் நேர் ஆளுகைக்குள் வந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் உண்டு, ஏற்றமும் இறக்கமும் நடந்தே வாழ்ந்த மக்கள் அவர்கள். நியாயவிலைக் கடை அரிசியும் தேநீர்க் கடைச் சர்க்கரையும் எங்கும் பரவிவிட்ட காலத்தில், நீரிழிவு சமவெளியோடு நின்றுவிடும் என எண்ணுவது பேதைமை.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீட்டு வாசலிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மருந்து தரும் முறையைக் கொணர்ந்தது. பேருந்துக் கூலியும் ஒருநாள் வேலையும் இழந்து ஆய்வுக் கூடத்துக்கு இறங்கிவர இயலாத மலைவாழ் தாய்க்கு, பையில் அடங்கும் இக்கருவி எத்துணைப் பெரிய கொடை!

ஆனால் கருவிக்கும் ஒழுங்கு உண்டு. பட்டைகள் வெப்பத்தாலும் மலையின் ஈரக் காற்றாலும் கெடும். புட்டியின் மூடியைத் திறந்து வைக்கலாகாது. கரும்பாலையில் வெல்லம் காய்ச்சியவர், பழம் உரித்தவர் கை கழுவாது விரலைக் குத்தினால், கருவி விரலில் ஒட்டிய இனிப்பையும் சேர்த்துக் கூறும். இரத்தசோகை உடையோர்க்கு எச்பிஏ1சி அளவும் பிறழக்கூடும். வெறும் வயிற்றில் நரம்பிரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பது நீரிழிவின் எல்லை. நோயை உறுதி செய்வது மருத்துவர் பணி, கருவியின் பணி அன்று.

நோன்பும் துளி இரத்தமும்

நம் சமுதாயத்திற்கு இவ்வரலாறு தனியாக உணர்த்துவது ஒன்றுண்டு. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளரிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயாளருள் ஐந்தில் நால்வர் ரமளானில் 15 நாளேனும் நோன்பு நோற்றனர் எனத் தெரிந்தது. ஈமானின் உறுதி போற்றத்தக்கது. ஆனால் அவர்களிடையே, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் அளவுக்குச் சர்க்கரை தாழும் நிலை நோன்பு மாதத்தில் ஏழரை மடங்கு பெருகியது என்பதையும் அதே ஆய்வு கூறிற்று.

'விரலைக் குத்தினால் நோன்பு முறியுமே!' என அஞ்சிச் சோதிக்காது இருப்போர் நம்மிடையே பலர். இவ்வச்சத்திற்கு மார்க்கத்தில் இடமில்லை. சோதனைக்காக இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1997இல் தீர்மானித்தது. ஊட்டம் தராத ஊசிகளையும் அவ்வாறே கூறியது. ஹனஃபீ மத்ஹபில் இரத்தம் வெளிப்பட்டு வழிந்தால் உளூ முறியும். மீண்டும் உளூச் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அதுவும் இல்லை. மேற்புயத்தில் ஒட்டும் வில்லை முழங்கைக்கு மேலே இருப்பதால் உளூவுக்கும் தடையில்லை. கடமையான குளிப்பில் அதற்குரிய சட்டத்தை உள்ளூர் ஆலிமிடம் கேட்டறிக.

அளவு 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர் முடிவு. நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையையும், என்றும் இயலாதவர்க்கு ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரத்தையும் வைத்தவன் அல்லாஹ்வே. அவன் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி அறிவுறுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். அளந்து பார்ப்பது தவக்குலுக்கு மாறானது என எவரும் கருதற்க.

எனவே நம் ஜமாஅத்துகள் ரமளான் பிறப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே பள்ளிவாசல் வளாகத்தில் சர்க்கரைச் சோதனைக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். யார் நோற்கலாம், யார் நோற்கலாகாது என்பதை மருத்துவரும் ஆலிமும் ஒருங்கே இருந்து கூற வேண்டும். அக்கருவி நம்மவர்க்கு மட்டுமன்றி, அவ்வூரின் ஏழைகளுக்கும், மலையினின்று இறங்கிவரும் சகோதரர்க்கும் பயன்படட்டும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை அளந்து காக்கும் அறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.