மாதிரி நீர் எடுக்கும் சிறு பம்புகள்

நிலத்தடி நீரின் தரத்தைக் கண்காணிக்கத் துளையிடும் கிணறு பெரும்பாலும் 2 அங்குலக் குழாய்தான். பாசனப் பம்பு அதற்குள் இறங்காது. சில புட்டிகள் நிறைய நீர் கிடைத்தால் போதும். ஆனால் அது மண்ணுக்கடியில் இருந்த தன்மை மாறாமல் மேலே வர வேண்டும். இந்தத் தேவை அமெரிக்காவில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது.

அங்கே கழிவு மேலாண்மைச் சட்டம் 1976இல் வந்தது. நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கெனால் பகுதியில் புதைத்த ரசாயனக் கழிவு 1978இல் நாடறிந்த செய்தியாயிற்று. அந்தச் சட்டத்தின் கீழ் 1980இல் வந்த விதிகளின்படி, அபாயக் கழிவைக் கொட்டும் நிலங்களைச் சுற்றிக் குறைந்தது 4 கண்காணிப்புக் கிணறுகள் தேவைப்பட்டன.

தொடக்கத்தில் பரவலாகக் கையாண்டது, அடியில் வால்வு வைத்த ஒரு குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கும் முறை. விலை மலிவு, பழுதும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அது கிணற்றைக் கலக்கியது. கிளம்பிய மண் துகள்களில் ஒட்டியிருந்த உலோகமும் மாதிரியில் சேர, மாசு கூடுதலாகத் தெரிந்தது. மேலிருந்து உறிஞ்சும் பம்பில் கோளாறு நேரெதிர். உறிஞ்சும்போது அழுத்தம் குறைவதால் ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள் நீரைவிட்டுப் பிரிந்தன. மாசு குறைவாகத் தெரிந்தது. தவிர, சுமார் 8 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து அதனால் நீரை ஏற்றவும் முடியாது.

ஆகவே எவ்வளவு நீர் இறைக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பம்பைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. சேர்மங்களை அளந்து கலந்த நீரைப் பம்பு வழியாக ஏற்றி, மேலே வந்ததில் எவ்வளவு மிஞ்சியது என்று ஒப்பிட வேண்டியிருந்தது. இல்லினாய் மாநில நீராய்வு நிறுவனத்தில் மைக்கேல் பார்சலோனா குழுவினர் நடத்திய அத்தகைய ஆய்வக ஒப்பீடு 1984இல் வெளியானது. அதில் சிறப்பாக நின்றது, உள்ளே பை வைத்த பம்பு. எஃகுக் குழாய்க்குள் ஒரு டெஃப்லான் பை; அதன் இரு முனையிலும் வால்வு. கீழ் வால்வு வழியே பை நிறைந்ததும், வெளியிலிருந்து அழுத்தக் காற்று அதை நெருக்கி நீரை மேலே தள்ளும். காற்று நீரைத் தொடுவதே இல்லை.

அடுத்த கேள்வி, இறைக்கும் வேகம். மாதிரி எடுக்குமுன் கிணற்றில் தேங்கிய நீரை மூன்று மடங்குக்குக் குறையாமல் வெளியேற்றுவது வழக்கம். 2 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 2 லிட்டர் நிற்கும். 10 மீட்டர் நீர் இருந்தால் 60 லிட்டர் இறைக்க வேண்டும். வேகமாக இறைத்தால் சேறு கிளம்பும். ராபர்ட் புல்ஸும் பார்சலோனாவும் 1996இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழியே வெளியிட்ட குறைவேக நீரெடுப்பு முறை, நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லிட்டர் வரை எடுத்தால் போதும் என்றது. அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றின் அளவுகள் அடுத்தடுத்து மூன்று முறை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் புட்டியை நிரப்பலாம்.

பம்பே இல்லாத முறையும் வந்தது. தூய நீர் நிரப்பிய பாலித்தீன் பையைக் கிணற்றில் தொங்கவிட்டால் கரைப்பான்கள் அதற்குள் ஊடுருவிவிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2001இல் அதற்குக் கையேடு வெளியிட்டது. கரைந்த உலோகங்களோ பாலித்தீனைக் கடப்பதில்லை. அவற்றை அளக்க இந்தப் பை உதவாது.