இறந்த நாளைத் தேடிய காழீ

வஃபாத்து என்னும் சொல்லை நம் இல்லங்களில் அறியாதார் இல்லை. அச்சொல்லின் பன்மையையே பெயரின் முதற்பகுதியாகக் கொண்ட பெருநூல் ஒன்று அரபு மொழியில் உண்டு. 'வஃபயாத்துல் அஃயான்', அதாவது 'சான்றோர் மறைவுகள்' என்பது அந்நூல். கவிஞர், இலக்கண அறிஞர், மார்க்க மேதை, மருத்துவர், அமைச்சர் என 800-க்கும் மேற்பட்டோரின் வரலாறுகள் அதில் அடங்கியுள்ளன. இலக்கிய வரலாறு கற்க விழைவோர் முதலில் அறிய வேண்டிய நூல்களுள் இதுவும் ஒன்று என்பது நம் கருத்து.

இதனை இயற்றிய இப்னு கல்லிகான் ஹிஜ்ரி 608-இல் (கி.பி. 1211) இர்பில் நகரில் பிறந்தவர். 1256-இல் கெய்ரோவில் நூலைத் தொடங்கினார். ஈராண்டில் பகுதாது நகரம் மங்கோலியரிடம் வீழ்ந்தது. 1260-இல் ஹலபும் திமிஷ்கும் அவர்கள் கைப்பட்டன. ஏடுகளும் ஏடறிந்தோரும் ஒருசேர அழிந்த காலம் அது. 1261-இல் திமிஷ்கின் தலைமைக் காழீயாக அமர்த்தப்பட்டதும் வழக்குகளின் சுமையால் எழுத்து நின்றது. பத்தாண்டுகளுக்குப் பின் பதவி பறிபோயிற்று. கெய்ரோ திரும்பிய அவர், விட்ட பணியை மீண்டும் கையிலெடுத்து 1274-இல் முடித்தார். பதவி பறித்த காலம் நூலைத் தந்தது!

அவர் வகுத்துக்கொண்ட நெறி கடுமையானது. மறைந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தவர்களையே அவர் நூலில் சேர்த்தார். நூல்களில் கிடைக்காததை நம்பத்தக்கோரிடம் கேட்டறிந்தார். நீதிமன்றத்தில் சாட்சியை எடைபோட்டவர் அல்லவா? அதே துலாக்கோலைப் புலவர் வாழ்விலும் பிடித்தார். ஆயினும் அது வறண்ட பட்டியலன்று. ஒருவரின் குணநலன், அவர் பாடிய கவிதை, அவரைப் பற்றிய சுவையான செய்தி ஆகியவற்றையும் அவர் விட்டுவிடவில்லை.

இந்நெறியில் ஓர் இழப்பும் உண்டு. ஆண்டு மறந்துபோன எத்தனை நல்லவர்கள் அதனால் வெளியே நின்றார்களோ! அந்தக் குற்றம் காழீயுடையதன்று; குறித்து வைக்கத் தவறியவர்களுடையது.

இதனை நாம் அனுபவத்தில் உணர்ந்தோம். முனாஜாத்துகள் பாடிய நம் ஆசிரியப் பெருந்தகை ஒருவரைப் பற்றி எழுத முனைந்தபோது, அவர் வஃபாத்தான ஆண்டைக் குடும்பத்தார் மூவரிடம் கேட்டோம். மூவரும் மூன்று ஆண்டுகள் சொன்னார்கள். அவருடைய கராமத்துகளை மட்டும் மூவரும் ஒன்றுபோலவே சொன்னார்கள்! இப்னு கல்லிகானின் வாசலில் நம் உஸ்தாதுக்கு இடம் கிடைத்திராது என்றெண்ணியபோது நெஞ்சு கனத்தது.

உமறுப்புலவர் வாழ்வைச் சொல்லும் நூல்களையும் இக்கண்ணோடு படித்தல் நலம். வாதில் வென்றார், கனவு கண்டார் என வழிவழிக் கதைகள் பல உள. அவை அன்பின் விளைவு, இகழத்தக்கவை அல்ல. ஆனால், அபுல் காசிம் மரைக்காயரைப் புலவரே தம் சீறாப்புராணத்தில் போற்றியிருப்பது கதையன்று, சான்று. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது.

வாசகர்களுக்கு நம் வேண்டுகோள் சிறியது. உங்கள் இல்லத்துப் பெரியோருள் பாட்டோ கிதாபோ எழுதியவர் இருந்தால், அவர் பிறந்த நாளையும் மறைந்த நாளையும் சொன்னவர் பெயருடன் இன்றே ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். நாளை வரும் காழீ சாட்சி கேட்பார்.