புழுக்கொடியலும் நூடில்ஸ் பைக்கற்றும்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மம்மா தன் உடுப்புப் பையைவிட இறுக்கிப் பிடித்திருந்தது புழுக்கொடியல் மா இருந்த சின்னப் பையைத்தான். பாடசாலை விறாந்தையொன்றில் தங்கிய முதல் இரண்டு நாளும் அடுப்பு மூட்ட வழியில்லை. அந்த மாவில் கொஞ்சம் சீனியும் தண்ணீரும் விட்டுக் குழைத்து, உருண்டை பிடித்து எங்களுக்குத் தந்தார்.

உடனடி உணவு என்றதும் கடைகளில் தொங்கும் பைக்கற்றுகள்தான் நினைவுக்கு வருகின்றன. வடக்கில் அது பனையடியிலேயே இருந்தது. ஆவணி, புரட்டாதியில் பொறுக்கும் பனம்விதைகளைப் பாத்தியில் அடுக்கினால், தை பிறக்கக் கிழங்கு கிண்டலாம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கினாலும் பிட்டு அவிக்க வேண்டும், கூழ் காய்ச்ச வேண்டும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். சமையல் முன்கூட்டியே முடிந்துவிடுவதால் பிறகு அடுப்பே தேவையில்லை, மாதக்கணக்கில் பழுதாகாது. பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைக்கும் பனாட்டும் அப்படித்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடனடி நூடில்ஸும் போருக்குப் பிந்திய பசியில் பிறந்ததுதான். உலகப்போருக்குப் பின் யப்பானில் உணவுக்காக வரிசையில் நின்ற சனத்தைக் கண்ட மொமொஃபுகு அண்டோ 1958 இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவித்த நூடில்ஸை எண்ணெயில் பொரிக்கும்போது நீர் வெளியேறிவிடுகிறது. அதனால் பழுதாகாது, சுடுநீர் பட்டதும் இளகும். ஆனால் எண்ணெய் உள்ளே தங்கிவிடுகிறது. உப்பில் பெரும்பகுதி அந்தச் சின்னத் தூள் பையில் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்புத்தான் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதிலும் குறைவு. தூளில் பாதியை எறிந்துவிட்டு முட்டையும் முருங்கையிலையும் போட்டால் ஓரளவு சாப்பாடாகும்.

'இப்பத்தைய தாய்மாருக்குப் பஞ்சி' என்று பேசும் பெரியவர்களோடு எனக்குக் கோபம் உண்டு. வன்னியில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் காணாமலாக்கப்பட்டவர். விடிய ஐந்து மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். அரிசி ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்துப் பிட்டு அவிக்க அவருக்கு ஏது நேரம்? அந்த நாளிலும் அந்த வேலை சும்மா நடக்கவில்லை. அம்மம்மாவும் மாமிமாரும் சம்பளமில்லாமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது நூடில்ஸைக் குறைத்து, இரண்டு ஒழுங்கை தள்ளி ஒருவரிடம் வறுத்த அரிசிமா வாங்குகிறார். செல்லடியில் ஒரு காலை இழந்த அந்த அக்கா மில்லில் அரைப்பித்து, வீட்டில் வறுத்து, பைக்கற்றாகக் கட்டி விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். உடனடி உணவுதான் அதுவும். காசு மட்டும் ஊருக்குள்ளேயே நிற்கிறது.

போன மாசியில் அவரிடம் புழுக்கொடியல் மா கேட்டேன். கிழங்குக்கு விதை போதவில்லை என்றார். செல்லில் தலை போன பனைகளுக்குப் பதிலாக, மீள்குடியேறிய வருடம் வேலியோரம் அவர் புதைத்த விதைகள் வடலியாகி நிற்கின்றன. அவற்றில் எது ஆண், எது பெண் என்று பாளை தள்ளும்வரை தெரியாதாம்.