சிக்கந்தர்: ஒரு கிரேக்கப் பெயரின் தில்லி வழக்கு

தில்லி லோதித் தோட்டத்தில் சிக்கந்தர் லோதியின் கல்லறை உள்ளது. இவரது இயற்பெயர் நிசாம் கான். 1489இல் அரியணை ஏறியபோது சிக்கந்தர் ஷா என்னும் பட்டப்பெயர் பூண்டு, 1517இல் இறக்கும்வரை அப்பெயராலேயே ஆண்டார். கிரேக்க ஆண்பெயரொன்று தில்லி அரசரின் பட்டமாக அமைந்த வழியில், அதன் ஒலியோடு பொருளும் மாறிற்று. மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இம்மாற்றமே.

‘அலெக்சாந்த்ரோஸ்’ என்பது காத்தலைக் குறிக்கும் வினையும் ஆடவனைக் குறிக்கும் பெயரும் புணர்ந்த தொகைச்சொல். ‘ஆடவரைக் காப்பவன்’ என்பது அதன் பொருள். மாசிடோனிய வேந்தனுக்கு நெடுங்காலம் முன்னரே இது வழங்கிற்று. இலியத்தில் பாரிசுக்கு இது மறுபெயர். அதனினும் பழைய மைசீனியக் களிமண் ஏடொன்றில் இதன் பெண்பால் வடிவம் காணப்படுகிறது.

இந்திய மொழிகளில் இப்பெயர் இருமுறை புகுந்தது. அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில், ஷாபாஸ்கடிப் பாடத்தில், அவர் காலத்துக் கிரேக்க மன்னன் ஒருவன் ‘அலிகசுதரோ’ எனச் சுட்டப்படுகிறான். இங்குப் பெயரின் தலைப்பகுதி சிதையவில்லை. அரபு வழியாக வந்த இரண்டாம் வருகையோ வேறு வகையது. அரபில் ‘அல்’ என்பது பெயர்க்கு முன் நிற்கும் சுட்டு. ஆதலின் அயற்பெயரின் முதலசையும் சுட்டெனவே கொள்ளப்பட்டுப் பிரிந்தது. எஞ்சிய பகுதியில் ககரமும் சகரமும் தம்முள் இடம்மாற, ‘இஸ்கந்தர்’ பிறந்தது. தசை சதையாகவும் சிவிறி விசிறியாகவும் நிற்பதை அறிந்த நமக்கு இந்நிலைமாற்றம் புதிதன்று. பாரசீகத்தில் முதல் இகரமும் வீழ்ந்து ‘சிக்கந்தர்’ என்னும் வடிவமும் வழங்கலாயிற்று. தமிழில் ககரம் இரட்டித்து எழுதுவது தேவை கருதியே. ஒற்றைக் ககரமாயின் உயிரிடையே மெலிந்தொலிக்கும்.

பாரசீகக் காவியங்கள் அவ்வேந்தனை உலகை வென்றோனாகவும் ஞானம் தேடியோனாகவும் பாடின. தில்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோவும் ‘ஆயினா-இ-சிக்கந்தரி’ இயற்றினார். இவ்வாறு ‘காப்பவன்’ என்னும் வேர்ப்பொருள் மறைய, பெயர்பெற்றவனின் செயலே பெயரின் பொருளாயிற்று. இந்தியில் இன்று இது ‘வெற்றியாளன்’ என்னும் பொதுப்பெயராகவும் நிற்கிறது. வென்றவனே சிக்கந்தர் என்பது அம்மொழி வழக்கு. இவ்விடத்தில் ‘அலெக்சாந்தர்’ என எழுதுவது சொல்லைப் பெயர்த்துப் பொருளைக் கைவிடுவதாகும்.

வரலாற்று நூல்களில் இடர் இன்னும் மிகுதி. லோதி அரசரையோ, மதுரைச் சுல்தான்களில் இறுதியானவரான அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவையோ ‘அலெக்சாந்தர்’ ஆக்குதல் தகாது. அவர்களுக்கு அது தம் பெயர். மாறாக, 1296 முதல் 1316 வரை தில்லியை ஆண்ட அலாவுத்தீன் கில்ஜி தம் நாணயங்களில் ‘சிக்கந்தர் அஸ்-ஸானி’ எனப் பொறித்தார். ‘ஸானி’ என்பது ‘இரண்டாம்’ எனப் பொருள்படுவதால் இதனை ‘இரண்டாம் சிக்கந்தர்’ எனப் பெயர்ப்பர். தமிழ் வாசகர் அதனை இரண்டாம் சரபோசி என்பதுபோல் ஆட்சி வரிசை எண்ணாகவே கொள்வர். தில்லியில் முதலாம் சிக்கந்தர் எவரும் அவருக்கு முன் ஆண்டதில்லை. கில்ஜி கருதியது மாசிடோனியனையே. ஆகவே இங்கு ‘மற்றோர் அலெக்சாந்தர்’ என்பதே பொருந்தும்.