கடலிடம் பழிதீர்க்க முடியாத தகப்பன்

மார்வெல் படங்களில் தோரைப் பார்த்து வளர்ந்த நமக்கு நோர்ஸ் புராணம் என்றாலே தேவர்களும் அரக்கர்களும் போடும் சண்டைதான். மூலக் கதைகளில் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. நாம் அரக்கர் என்று சொல்லிவிடுகிற யோத்துன் குலத்துப் பெண் பெஸ்ட்லாதான் ஓடினின் தாய். கடற்கரைத் தேவன் ஞோர்ட் கட்டிக்கொண்ட ஸ்காடியும் யோத்துன் பெண்தான். அவளுக்கு மலை வேண்டும், அவனுக்குக் கடற்கரை வேண்டும், குடும்பம் நிலைக்கவில்லை. பெண் எடுத்த வீட்டோடு வருகிற பகை இது.

கடலுக்குள் இறங்கினால் கோடு இன்னும் கலங்கிவிடும். ஞோர்ட் நல்ல காற்றும் மீனும் தருகிறவன். ஆழ்கடலோ ஏகிருடையது. அவன் யோத்துன் குலம், ஆனாலும் தேவர்களுக்கு மது காய்ச்சி விருந்து வைப்பவன். மனைவி பெயர் ரான். அந்தச் சொல்லுக்கே கொள்ளை என்று அர்த்தம். மூழ்குகிறவர்களை வலைபோட்டு இழுத்துக்கொள்வாள். ஒன்பது மகள்களும் அலைகள். ஒருத்தியின் பெயர் 'இரத்தக்கூந்தல்'.

இவற்றைத் தொகுத்து எழுதிவைத்தவர் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன், 13ஆம் நூற்றாண்டில். நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ரான் ஏட்டில் மட்டும் இருந்தவள் இல்லை. எய்ர்பிக்யா சாகாவில், கடலில் செத்தவர்கள் தங்கள் கருமாதி விருந்துக்கே சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்கிறார்கள். வீட்டார் அலறவில்லை, சந்தோஷப்படுகிறார்கள். அப்படி வந்தால் ரான் அவர்களை நன்றாக வரவேற்றிருக்கிறாள் என்பது பழைய நம்பிக்கை. பிணம்கூடக் கரைசேராத வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எகில் ஸ்கல்லாகிரிம்சனுக்கு அந்த ஆறுதல் போதவில்லை. ஆளை வெட்டவும் கவிதை கட்டவும் தெரிந்த முரடர். மரம் ஏற்றப் படகில் போன மகன் போத்வர் புயலில் மூழ்கினான். எகில் உடலைக் குதிரையில் சுமந்துபோய்த் தன் தகப்பனின் சமாதி மேட்டில் வைத்தார். பிறகு அறைக்குள் தாழிட்டுப் படுத்துக்கொண்டார், சாவதற்கு.

மகள் தோர்கெர்ட் வந்தாள். "நானும் உங்களோடு சாகிறேன் அப்பா" என்று உள்ளே போனாள். கடற்பாசியை மென்றால் சாவு சீக்கிரம் வரும் என்று சொல்லி அவரையும் மெல்லவைத்தாள். தாகம் எடுத்தது. தண்ணீர் என்று நினைத்து வாங்கிக் குடித்தது பால். பட்டினி கலைந்ததும், தம்பிக்கு ஒரு கவிதை கட்டுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றாள். அப்படிப் பிறந்ததுதான் 'சோனடோரெக்'.

அந்தச் சமூகத்தில் பிள்ளையைக் கொன்றவனை வெட்டலாம், இல்லையென்றால் உயிர்விலை வாங்கலாம். கடலிடம் இரண்டும் நடக்காது. வாளால் தீரும் வழக்கென்றால் மது காய்ச்சுகிற அந்த ஏகிரை விட்டிருக்கமாட்டேன் என்று எகில் பொருமுகிறார். தனக்கு ஆள்பலம் இல்லாததை ஊரே பார்க்கிறது என்கிறார். பழிதீர்க்க முடியாவிட்டாலும் பெயர் சொல்லித் திட்டவாவது அவருக்கு ஓர் ஏகிர் இருந்தான், ஒரு ரான் இருந்தாள். வெறும் தண்ணீரோடு யார்தான் சண்டை போடமுடியும்? ஓடினையும் அவர் விடவில்லை. ஆனால் மகனை எடுத்துக்கொண்டவன்தான் குறையில்லாத கவிதையைத் தந்தான் என்பதையும் கடைசியில் ஒப்புக்கொள்கிறார்.

கவிதை வளர வளர அவருக்குத் தெம்பு வந்தது என்கிறது சாகா. கட்டி முடித்ததும் எழுந்துபோய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு பழைய முறைப்படி பிள்ளைகளுக்குக் கருமாதி விருந்து வைத்தார்.